புகைக் கொட்டகையில் இருந்த நூல்கள்

காலை ஏழு நாற்பது. ஜப்பானியர் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்ததால் லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் அப்போதும் இருட்டு விலகவில்லை. முதலில் கண்ணில் பட்டது ஒரு மூக்குக்கண்ணாடி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துச் சேற்றில் ஒரு பக்கம் நொறுங்கிக் கிடந்தது.

அது தோட்டப் பள்ளி ஆசிரியருடையது. பிற்காலத்தில் நாட்டின் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் அமைத்தவர் அவர்தான். சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த பத்திரிகை மூடப்பட்டதால் அந்தத் தோட்டத்தில் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன்.

வெள்ளைக்காரத் துரை ஓடியபின் பங்களாவிலிருந்த ஆங்கில நூல்கள் அடுப்புக்குப் போகும் முன் ஆசிரியர் அவற்றை அள்ளி வந்தார். ரப்பர் ஷீட்டில் சுற்றி, ஷீட்டு உலர்த்தும் புகைக் கொட்டகையில் அடுக்கியிருந்த ஷீட்டுகளின் நடுவே வைத்தார். நனையாது, கரையான் ஏறாது. எதிரியின் நூல்களை ஒளித்து வைப்பவன் ஒற்றன் என்பது அன்றைய கணக்கு. யாரோ ஜப்பானியரிடம் சொல்லிவிட்டார்கள்.

வந்தவர்கள் இரண்டு ராணுவப் போலீஸ்காரர்கள். மொழிபெயர்க்க ஜொகூர் பாருவிலிருந்து ஒரு தமிழர். ஆசிரியரை மண்டியிட வைத்து, ரப்பர் பால் நிறுக்கும் மேசைமேல் அவர் வலது கையை விரித்தார்கள்.

"புஸ்தகம் எங்கன்னு சொல்லிடுங்க லா, வாத்தியாரே. இவனுங்க ரெண்டு தடவ கேக்க மாட்டானுங்க."

"நல்லாத் தமிழ் பேசறீங்க. எந்தப் பள்ளிக்கூடம்?"

துப்பாக்கியின் அடிக்கட்டை இறங்கியது. ஆள்காட்டி விரல்.

ஒரு போலீஸ்காரன் புகைக் கொட்டகைப் பக்கம் திரும்பினான். புகை போடும் கிழவர் கதவை மறித்து நின்றார்.

"தொறந்தா புகை போயிடும்ங்க. ஷீட்டு பூசணம் பிடிக்கும். உங்க படைக்குப் போற சரக்கு. யார் பதில் சொல்றதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

ஜொகூர் பாருக்காரர் அதை மொழிபெயர்த்தார். கிழவருக்கு விழுந்த அறையில் இரண்டு பற்கள் மண்ணில் விழுந்தன. கதவு திறக்கப்படவில்லை.

மேசைக்குத் திரும்பி வந்து இன்னும் இரண்டு விரல்களை உடைத்தார்கள். அப்போதுதான் ஆசிரியர் வாய் திறந்தார்.

"பள்ளிக்கூடத்துல, தரைப் பலகைக்கு அடியில."

அங்கே ஒரு சாக்கு இருந்தது. தமிழ்ச் சொற்களைப் பற்றி அவர் பல ஆண்டுகளாக ஆங்கிலத்தில் எழுதி வந்த ஆராய்ச்சி அதில் இருந்தது. வேறு பிரதி கிடையாது. களத்தில் கொட்டிக் கொளுத்தினார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து, தேடியது அதுதான் என்று நம்பினார்கள். கிளம்பும் முன் மீதி விரலையும் கட்டை விரலையும் உடைத்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, பங்களா நூல்கள் நூலகத்தின் முதல் அலமாரிக்குப் போயின. அவற்றின் அட்டவணைச் சீட்டுகளை அவர் இடது கையால் எழுதினார்.