எல்லோருக்கும் பின்னால் வருகிறவர்

ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் என் அண்ணன். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் அண்ணனும் அண்ணியும், மற்றதில் நானும் துணி மூட்டைகளும். கீழே டிரை கிளீனிங் கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் அண்ணி துணி ஆல்ட்டர் செய்கிறார். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்து அகலமாக்குவது, ஜிப் மாற்றுவது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை மாடி ஏறி இறங்குவார். மலையில் ஓடுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட பயிற்சி முதலில் அவ்வளவுதான்.

அந்தப் போட்டி எழுபது கிலோமீட்டர். விடிவதற்குள் கிளம்பி, மரங்கள் முடிகிற உயரம் வரை ஏறி, மூன்று கணவாய்களைத் தாண்டி, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும். அண்ணி இரண்டு முறை ஓடினார். முதல் முறை நாற்பத்துநாலாவது கிலோமீட்டரில் பிடிபட்டார். அடுத்த வருடம் அறுபத்தொன்றில். பிடிபட்டார் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போட்டியில் எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வருவார். ஸ்வீப்பர் என்பார்கள். நேரக் கெடுவை ஒட்டியே நடப்பார். அவர் உங்களைத் தாண்டிவிட்டால் உங்கள் கதை முடிந்தது. நெஞ்சில் குத்தியிருக்கும் எண் அட்டையின் மூலையைக் கத்தரியால் வெட்டிவிடுவார். வழிகாட்டக் கட்டியிருக்கும் ஆரஞ்சு ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வருவதும் அவர்தான். காட்டில் ஒரு துண்டுகூட விட்டுவரக் கூடாது.

மூன்றாம் வருடம் அண்ணி போய் அந்த வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டார். "எனக்குப் பின்னாடி யாரும் வரமாட்டாங்க இல்ல, நிம்மதியா நடக்கலாம்" என்றார். அண்ணன் அன்றிலிருந்து அவரை "வால்" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒன்பது வருடம் அந்தப் பெயர் நிலைத்தது. கடையில் வைத்திருக்கும் சின்னக் கத்தரியைத்தான் நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்.

கறார் என்றால் அப்படியொரு கறார். போட்டி அமைப்பாளரின் சொந்த மச்சான் அழாக்குறையாகக் கெஞ்சியும் இரண்டு நிமிடத் தாமதத்துக்கு அட்டையை வெட்டியவர். வீட்டில் வந்து அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரு ஆளைக்கூட மலையில் தொலைத்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் பெருமை இருக்கும்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். உட்கார்ந்தே செய்கிற வேலை. வாய் மட்டும் நன்றாக ஓடும். ஒரு நாள் சாப்பிடும்போது, "எழுபது என்ன பெரிய எழுபது, நடந்தே முடிச்சிடலாம்" என்று சொல்லித் தொலைத்தேன். அண்ணன் மறுநாளே போட்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். நானும் சும்மா இல்லாமல் கடை முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். எட்டு மாதம் பயிற்சி செய்தேன் என்பதும் உண்மை.

போட்டி அன்று நாற்பத்தெட்டாவது கிலோமீட்டர் வரை மானம் தப்பியது. அங்கே, ஓட்டக்காரர்களின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் மூன்றாம் முகாமில் கெடுவுக்கு ஒன்பது நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். அதற்கப்புறம் கணவாய்க்கு ஏறும் சரளைக்கல் சரிவில் வலது முட்டி மடங்க மறுத்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஓட்டக்காரர் யாருமில்லை. கீழே இரண்டு வளைவு தள்ளி ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் குனிவதும் நிமிர்வதுமாக வந்துகொண்டிருந்தது.

அண்ணிதான். கொழுந்தன் என்று தாட்சண்யம் பார்க்கிற ஆள் இல்லை அவர். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இதைவிட மட்டமான யோசனை என் ஆயுளில் வந்ததில்லை. பாதையை விட்டு விலகி ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். அவர் தாண்டிப் போகட்டும், பின்னாலேயே போய் நாலாம் முகாமில், ஒதுங்கப் போயிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் தாண்டினார். சரளை நெரிபடும் சத்தம் கேட்டது, ஒரு கணம் நின்றது, மறுபடி கேட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்திருக்க முடிந்தால்தானே பின்னால் போவதற்கு? முட்டி இறுகிவிட்டது. தேய்த்து நீவி எழுந்திருக்க அரை மணி நேரம் ஆனது. கணவாயில் ஏறியபோது மேகம் இறங்கி நீட்டிய கை தெரியவில்லை. முதலில் ஓரிரு ரிப்பன் கண்ணில் பட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. ரிப்பன்கள் அவர் பையில் போகும் என்பது எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். பாறைக்குப் பின்னால் குந்தும்போது அது புத்தியில் உறைக்கவில்லை. ஆடு மேய்ந்த தடம் இரண்டு பிரிந்தது. இடதுபக்கம் போனேன். அது ஒரு செங்குத்தான விளிம்பில் போய் முடிந்தது. கூழாங்கல் ஒன்று காலில் பட்டு உருண்டது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கட்டாயமாகக் கொடுத்திருந்த விசிலை ஊதினேன். குளிரில் உதடு விறைத்துப்போனபோது செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

நாலாம் முகாமில் கணக்கு இடித்திருக்கிறது. என் எண் நூற்று முப்பத்தொன்பது மூன்றாம் முகாமைத் தாண்டியிருக்கிறது, நாலாவதற்கு வரவில்லை. மீட்புக் குழு வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்களாம். அண்ணி காத்திருக்கவில்லை. பையிலிருந்த ரிப்பன்களை ஒவ்வொன்றாக மறுபடி கட்டிக்கொண்டே நாலு கிலோமீட்டர் திரும்பி ஏறினார். விசில் சத்தத்தைப் பிடித்து என்னிடம் வந்தபோது மூச்சு வாங்கினார். முதலில் என் ஷூவைக் கழற்றினார்.

"விரலை அசை."

அசைத்தேன்.

"என்ன ஆச்சு?"

"தூங்கிட்டேன் அண்ணி."

"சரி" என்றார். தன் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். பிறகு கத்தரியை எடுத்து, என் அட்டையின் மூலையை வெட்டினார்.

நாலாம் முகாமில் அமைப்பாளர் காத்திருந்தார். "ஆளைப் பாக்காம எப்படிம்மா தாண்டி வந்தீங்க? ஒரு உயிர் போயிருக்கும்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"என் தப்புதான் சார்" என்றார் அண்ணி. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவ்வளவு அவமானம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அண்ணி என்னிடமிருந்து ஆரஞ்சு ஜாக்கெட்டைத் திரும்ப வாங்கி, மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த வருடத்துக்கு வேறு ஆளைப் போட்டார்கள். வீட்டில் அண்ணன் "வால்" என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்.

நாலு மாதம் தாக்குப்பிடித்தேன். ஒரு மத்தியானம் டிரை கிளீனிங் கடையின் பின்னறைக்குப் போனேன். அண்ணி யாருடையதோ ஒரு கோட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அன்னிக்கு நான் தூங்கல. உங்களைப் பாத்துட்டு ஒளிஞ்சுக்கிட்டேன்."

"தெரியும்" என்றார் தலை நிமிராமல். "பாறைக்கு வெளிய உன் முதுகுப் பை பாதி தெரிஞ்சுது."

"பாத்தீங்களா? அப்புறம் ஏன் போனீங்க?"

"வெட்டணுமேன்னு நின்னேன். மனசு வரல. எட்டு மாசம் நீ படியேறினதைப் பாத்தவ நான். நீ பின்னாடியே வந்துடுவன்னு நெனச்சு ரிப்பனை விட்டுட்டுப் போனேன். ரெண்டு மூணு விட்டேன். அப்புறம் மேகம் இறங்குதேன்னு மேலயே பாத்துட்டு நடந்தேனா, கை தன்னால அவிழ்த்திருக்கு. முகாம்ல பையைத் திறந்தப்பதான் தெரிஞ்சுது."

நூலை ஊதித் தள்ளினார்.

"ஒன்பது வருஷத்துல எத்தனை பேரை வெட்டியிருக்கேன் தம்பி. அவங்களும் யாருக்கோ கொழுந்தன்தானே."

"நான் போய் அமைப்பாளர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன் அண்ணி. வேலையைத் திருப்பிக் குடுத்துடுவாங்க."

அண்ணி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எதைச் சொல்லுவ? நீ ஒளிஞ்சதையா, நான் பாத்ததையா?"

நான் போகவில்லை.