நான் விளக்க மறுத்த ஒரு சொல்

14.10.1986. பேர்ண், சுவிஸ். என் மனைவி பவானியின் இரத்தத்தில் வெண்குழியங்கள் அளவுமீறிப் பெருகியிருந்தன. இரத்தப் புற்றுநோய் என்று உறுதிசெய்யப்பட்டது.

20.01.1987. பவானியின் ஒரே உடன்பிறப்பு அவளுடைய தம்பி குலம். பீல் நகரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. அவனுடைய இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. பொருந்தியது. அவனது எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையை அவளுக்கு ஏற்றுவதென மருத்துவர்கள் தீர்மானித்தனர்.

11.03.1987, புதன். காலை ஒன்பது மணிக்குக் குலம் மருத்துவமனைக்கு வந்து இறுதிச் சம்மதத்தில் கையெழுத்திட வேண்டும். வரவில்லை.

வெள்ளிதோறும் முருகனை வணங்க ஒன்றுகூடும் அன்பர்களே, இவ்வளவும் பதிவில் உள்ளவை. பதிவில் இல்லாதவற்றை இனிச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன். இங்கே இரத்தக் கலங்களையும் திசுக்களையும் வளர்த்து ஆராயும் ஆய்வுகூடம் ஒன்றில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுகிறேன். உயிர்க்கலம் முறைப்படி பிரியும், முறைப்படி முதிரும், முறைப்படி இறக்கும் என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்து காட்டியிருக்கிறேன். பவானியின் கலங்களில் ஒரு நிறமூர்த்தத்தின், அதாவது குரோமோசோமின், துண்டு பிய்ந்து இன்னொன்றில் ஒட்டிக்கொண்டிருந்ததாக மருத்துவர் சொன்னார். அவளுடைய உடம்பே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதை நான் தாங்கிக்கொண்டேன். கலத்துக்கு மனச்சாட்சி இல்லை. தம்பிக்கு உண்டு.

புதன்கிழமை மதியம் அவனுடைய அறைக்குத் தொலைபேசி எடுத்தேன். அறையில் கூட இருக்கும் பொடியன் தயங்கித் தயங்கிக் கதைத்தான்.

"அண்ணை, அவன் துன் நகருக்குப் போயிட்டான். அங்க ஒரு ஹோட்டல் குசினியில நிக்கிறான். உங்களோட கதைக்க ஏலாதாம்."

பவானியிடம் சொன்னேன். "அவனை ஏசாதேங்கோ. பயந்திருப்பான்" என்றாள்.

"பயமில்லை. துரோகம்" என்றேன்.

அந்தச் சொல்லைச் சொன்னதும் எனக்கு ஒருவித ஆறுதல் கிடைத்தது. வெட்கத்தோடு சொல்கிறேன். நான் சோறு போட்ட பிள்ளை அவன். சுவிசுக்கு வந்தபோது முதல் மூன்று மாதங்கள் எங்கள் அறையில்தான் படுத்தான். பவானிக்கான சிகிச்சை அறையைத் திங்கட்கிழமை வரைதான் ஒதுக்கிவைக்க முடியும் என்றார் மருத்துவர். அதற்குப் பிறகு நோய் காத்திருக்காது.

வியாழன் மாலை மருத்துவமனையின் பிரார்த்தனை அறையில் இருந்தேன். சுவரில் ஒரு சிலுவை. என் சட்டைப் பையில், படச்சுருள் வந்த சிறு டப்பாவில் திருநீறு. அதைப் பூசிக்கொண்டேன். நான் வரம் கேட்கவில்லை. முறைப்பாடு சொன்னேன். முருகா, அவனை அழைத்து வா என்றுகூடக் கேட்கவில்லை. ஏன் இப்படிச் செய்தான் என்று மட்டும் எனக்குக் காட்டு என்றேன். நான் குற்றமற்றவன் என்ற துணிவில் கேட்ட கேள்வி அது.

வெள்ளி காலை வேலைக்குப் போனேன். கழுவுவதற்கு இரண்டு தட்டுகள் காத்திருந்தன. ஒன்றில் 'க்னொகன்மார்க்' என்று எழுதியிருந்தது. என்பு மச்சை. மற்றதில் 'ரூக்கன்மார்க்'. முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் நரம்பு. இரண்டு ஆண்டுகளாக அந்தத் தட்டுகளைக் கழுவியவன் நான். இரண்டுக்கும் ஜெர்மன் மொழியில் 'மார்க்' என்ற ஒரே சொல்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பெப்ரவரியில் குலம் தொலைபேசியில் கதைத்தது நினைவுக்கு வந்தது.

"அத்தான், கடிதம் வந்திருக்கு. என்னட்டை மார்க் எடுக்கப் போயினமாம். படிக்கேக்க நீங்கள் எனக்கு ஒருநாளும் மார்க் தரேல்லை, இப்ப என்னட்டை மார்க் கேக்கிறியளோ?"

என் வகுப்பில் இரண்டு தடவை தவறியவன் அவன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"மார்க் எண்டால் மச்சை."

"மச்சை எண்டால் என்ன? எங்கையிருந்து எடுக்கிறது?"

"உனக்கு அப்பவும் விளங்கேல்லை. இப்ப விளங்கப் போகுதோ? கையெழுத்தை வை."

ஆயிரம் பிள்ளைகளுக்கு விளக்கியவன், ஒருவனுக்கு விளக்க மறுத்தேன்.

ஆய்வுகூடத்திலிருந்தே பீலில் உள்ள அவனுடைய அறைக்குத் தொலைபேசி எடுத்து, மார்க் என்றால் முண்ணாண் என்றா பயந்தான் என்று கேட்டேன். "ஓம் அண்ணை. வேலையில ஒருத்தன் முதுகைத் தொட்டுக் காட்டினவனாம். அதில குத்தினால் கால் விளங்காமப் போகுமாம்" என்றான் பொடியன்.

அரைநாள் விடுப்பு எடுத்துத் துன்னுக்குப் போனேன். ஹோட்டல் சமையலறையின் பின்வாசலில் குலம் என்னைக் கண்டதும் தலை குனிந்தான்.

"நான் விழுந்தால் ஊரில அம்மாவை ஆர் பாக்கிறது, அத்தான்?"

அவனுக்குப் பக்கத்தில் சூப்புக்கு அறுத்த எலும்புகள் ஒரு தட்டில் குவிந்து கிடந்தன. நான் பிறந்ததிலிருந்து சைவம். அன்று வெள்ளி விரதம் வேறு. ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"ஐயோ அத்தான், அது மாட்டெலும்பு! வெள்ளிக்கிழமையும் அதுவுமா! விடுங்கோ!"

"இதைப் பார். நடுவில மெத்தெண்டு இருக்குதே, இதுதான் மார்க். உன்ரை இடுப்பெலும்பில இருந்து எடுப்பினம். முள்ளந்தண்டுக்குக் கிட்டவும் போகமாட்டினம். எடுத்தது கொஞ்ச நாளில திரும்ப ஊறும்."

அவன் எலும்பைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அத்தான்."

திங்கட்கிழமை அவன் கையெழுத்திட்டான். மச்சை எடுத்த மறுநாள், இடுப்பு வலியோடு குப்புறப் படுத்திருந்தவன் தலையைத் திருப்பி, "அத்தான், இப்ப எத்தினை மார்க்?" என்று கேட்டான். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அதன்பின் பவானி இருபது மாதங்கள் வாழ்ந்தாள். ஆரே ஆற்றங்கரையில் என்னோடு நடந்தாள். கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புப் போதாது என்று என்னை ஏசினாள். பிறகு, தம்பியின் கலங்கள் அக்காவின் உடம்பை அந்நியமென்று கண்டு தாக்கின. முதலில் தோல், பிறகு ஈரல். 08.11.1988 அன்று போய்விட்டாள். தகனத்தன்று குலம் என் தோளில் விழுந்து, "என்ரை மார்க்தான் அக்காவைத் திண்டது" என்று அழுதான்.

முருகன் என் மனைவியை எனக்கு விட்டுவைக்கவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு வராது. ஏமாந்துபோனேன் என்ற எண்ணம் இன்றும் காலையில் என்னோடுதான் எழும்புகிறது. ஆனால் நான் கேட்டது ஒரு கேள்வி. மறுநாளே விடை தந்தான். தம்பியைக் குற்றஞ்சாட்டிக் கேட்ட எனக்கு என் கைகளையே காட்டினான். அந்த விடையால் எனக்கு இருபது மாதங்கள் கிடைத்தன. அதற்கு நன்றி சொல்லவே இதை எழுதினேன்.

அன்பர்களே, முறைப்பாடு இருந்தால் முறைப்பாட்டோடேயே அவன் முன் போங்கள். விடை உங்கள் பக்கம் திரும்பினாலும் எழுந்து போய்விடாதீர்கள்.

நான் இன்னும் செய்யாதவை:

மச்சை கொடுப்பவர்களுக்காக மருத்துவமனை கேட்ட தமிழ் விளக்கத் தாள். முதல் வரியோடு நிற்கிறது.

பவானியின் கம்பளிக் கோட்டை யாருக்காவது கொடுப்பது.

பீலுக்குப் போய்க் குலத்துக்கு விளக்குவது: கலம் ஆளை அறியாது, இருபது மாதங்களும் அவன் கொடுத்தவை.

அவன் கேட்ட மார்க்கைச் சொல்வது.