கூடாரத்துக்குள் கொசுவர்த்தி

மகள் ஜெனியின் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் குட்டிக் கூடாரம் வாங்கி, திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடியில் போட்டேன். சாயங்காலமானால் எங்கள் பக்கத்துக் கொசு ஆளையே தூக்கிவிடும். அறிவாளியான நான், அவளோடு கொசுவர்த்தியையும் உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் கேக் எடுக்கக் கீழே போனேன்.

திரும்பினால் உள்ளே ஒரே இருமல். ஜிப் சிக்கிக்கொண்டது. துணியைக் கிழித்து அவளைத் தூக்கினேன். பாவாடை ஓரம் கருகியிருந்தது.

"கொசுவ சாவடிக்கச் சொன்னா புள்ளைய சாவடிக்கப் பாத்தியே! இன்னா மனுசன்யா நீ?" என்றாள் மனைவி. எதற்கும் நக்கலடிக்கும் நான், அன்று கொசுவர்த்தியை மிதித்து அணைத்தேன்.

இப்போது எந்தக் குழந்தைக்குக் கூடாரம் வாங்கினாலும், வலை ஜன்னல் வைத்ததாகப் பார்த்து, கடையிலேயே தொப்பையோடு உள்ளே தவழ்ந்து ஜிப்பைச் சோதிக்கிறேன். கடைக்காரர் சிரிக்கிறார். ஜெனி மட்டும் சிரிக்காமல் வெளியே நின்று கேட்கிறாள்: "டாடி, தொறக்குதா?"