நான் வெட்டிய ஈயம்: ரோஸலின் டீச்சர் நினைவாக

வெள்ளிக்கிழமை காலை மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டும்போது, பழைய சக ஆசிரியர் ஒருவர் கூட்டத்துக்கு மேலே தலையை நீட்டி, "சார், விஷயம் தெரியுமா? நம்ம ரோஸலின் டீச்சர் போயிட்டாங்க" என்றார். இறங்க வேண்டும் என்று கையைத் தூக்கினேன். தூக்கிய கையை இறக்கக்கூட இடமில்லை. பரங்கிமலை வரை அப்படியே நின்றேன். அங்கே இறங்கி, எதிர் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் இதை எழுதியே தீர வேண்டும் என்று பட்டது.

தாம்பரத்தில் எங்கள் பள்ளியில் அவர் கணக்கு, நான் அறிவியல். அவரிடம் படித்த யாரைக் கேட்டாலும் ஒரு வாக்கியம் சொல்வார்கள்: "விடை சரிதான், வழி எங்கே?" வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் முட்டைதான். தலைமையாசிரியரின் தங்கை மகளுக்கும் முட்டை போட்டவர் அவர்.

அவர் வீடு உங்களில் பலருக்குத் தெரிந்திராது. இரும்புலியூரில் சின்ன ஓட்டு வீடு. அதில் இரண்டு விதவைகள்: டீச்சரும், அவர் கணவரின் அண்ணி ஞானம்மாளும். அண்ணன் தம்பி இருவரும் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரே நாளில், ஒரே வெடிப்பில் போனார்கள். யாரோ பீடி பற்றவைக்க விளக்கைத் திறந்தார்கள், வாயு பிடித்துக்கொண்டது என்று பேச்சு எழுந்தது. அந்த 'யாரோ' இரண்டே நாளில் டீச்சரின் கணவர் ஜெபராஜ் ஆகிவிட்டார். குடும்பத்தில் பீடி பிடிப்பவர் அவர் ஒருவர்தானே! ஞானம்மாள் சண்டை போடவில்லை. ஜெபராஜின் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை, படத்தை மாட்ட விடவில்லை, அவ்வளவுதான். மற்றபடி ஒரே அடுப்பு, கோயிலில் ஒரே பெஞ்சு.

அறுபதுகளின் நடுவில் பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தோம். பழைய சாமான் இருந்தால் கொடுங்கள் என்று எல்லோரையும் நச்சரித்தேன். டீச்சர் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார். "அஞ்சு வருஷமா கட்டிலுக்குக் கீழ கிடக்கு சார். என்னவோ பண்ணுங்க" என்றார்.

உள்ளே மண்ணும் கரியும் இறுகிப்போன ஒரு உருளை. தாம்பரத்தில் எது கிடைத்தாலும் ரயில்வே சாமான் என்றுதான் தோன்றும். ரயில் கார்டின் கைவிளக்கு என்று நினைத்தேன். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். கண்ணாடிக்கு மேலே நெருக்கமான கம்பி வலை, அதற்குள் இன்னொரு வலை. சுடர் கம்பி வலையைத் தாண்டாது என்று வருஷா வருஷம் செய்து காட்டுகிறவன் நான். சுரங்கப் பாதுகாப்பு விளக்கு என்று அப்போது புரிந்தது. பித்தளையில் புளி போட்டேன். 317 என்ற எண் தெரிந்தது. அடிப்பாகம் மட்டும் கழலவில்லை. பக்கத்து வளையத்தில் ஓர் ஈயக் கட்டி, இரண்டு முனையிலும் ஏதோ எழுத்து அழுத்தியிருந்தது. எவனோ அரைகுறை ஆள் ஓட்டையை அடைத்திருக்கிறான் என்று நானே முடிவு கட்டினேன். மேதாவி! குறடு எடுத்து வெட்டினேன். கழற்றிக் கழுவி, புதுத் திரி போட்டு ஏற்றினேன்.

மறுநாள் மதியம் டீச்சரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் பெருமையாகக் காட்டினேன். அவர் பர்ஸிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து விளக்கின் பக்கத்தில் வைத்தார். அதிலும் 317. ஜெபராஜின் சுரங்க அடையாள வில்லை; ஆளுக்கும் அவன் விளக்குக்கும் ஒரே எண். பிறகு சுடரைப் பார்க்காமல் வளையத்தைப் பார்த்தார்.

"ஈயம் எங்க சார்?"

"அடைச்சிருந்துச்சு டீச்சர். வெட்டி எடுத்துட்டேன்."

"முழுசா இருந்துச்சா? ரெண்டு பக்கமும் முத்திரை?"

"இருந்தது."

முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுரங்கத்து விளக்கறையில் ஏற்றி, ஈயம் வைத்துப் பூட்டி, முத்திரை குத்தித்தான் ஆள் கையில் கொடுப்பார்களாம். உள்ளே போனவன் ஈயத்தை வெட்டாமல் திறக்கவே முடியாது. விசாரணையெல்லாம் முடிந்த பிறகு, இடிபாட்டில் கிடைத்த விளக்கை ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "மண்ணைச் சுரண்டிப் பார்க்க தைரியம் வரலை சார். ஈயம் இல்லேன்னா அப்புறம் எப்படி அந்த வீட்ல இருக்கிறது?" என்றார். குப்பைக்கூடையைக் கொட்டி இரண்டு துண்டையும் தேடி எடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்தவர் ஒரே ஒரு தடவை என்னைக் குற்றம் சொன்னார்: "விடை சரிதான் சார். வழியை அழிச்சிட்டீங்களே."

அன்று சாயங்காலமே என்னைச் சாட்சியாக வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஞானம்மாள் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "வெட்டுனது நீதானே சார்? முழுசா இருந்திச்சுன்னு சொல்றதும் நீதானே?" என்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. விளக்கு அந்த வீட்டிலேயே தங்கியது. கரண்ட் போனால் ஞானம்மாள்தான் அதைத் துடைத்து ஏற்றுவாராம். ஈயத்தை டீச்சர் என்னிடம் கொடுத்துவிட்டார். "வீட்ல இருந்தா தினமும் எடுத்துப் பார்ப்பேன்" என்றார்.

பிறகு கேளம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில், குடியிருக்க வீட்டுடன், தலைமையாசிரியை வேலை அவரைத் தேடி வந்தது. இரண்டு முறை வந்தது. போங்களேன் என்று சண்டையே போட்டேன். "அக்கா வாயால ஒரு வார்த்தை, அவர் திறக்கலைன்னு வரட்டும் சார். இப்ப போனா, தப்பு பண்ணிட்டு ஓடின மாதிரி ஆயிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பன்னிரண்டு வருஷம் அதே வீட்டில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். உள்ளே வைக்கலாம் என்று எடுத்துப்போன ஈயம் சட்டைப் பையிலேயே கிடந்தது. கல்லறையிலிருந்து திரும்பியதும் ஞானம்மாள் என்னைத் தனியே அழைத்தார்.

"நீ வந்து சொன்ன அன்னிக்கே நம்பிட்டேன் சார். ஜெபராஜ் தொறக்கல."

"அப்புறம் ஏம்மா சொல்லலை?"

"சொன்னா அவ பூடுவா. இந்த வூட்ல நான் யாரோட கெடப்பேன்?"

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுது சார். எல்லாரும் படிக்கட்டும்" என்றார். எழுதிவிட்டேன். ஜெபராஜ் விளக்கைத் திறக்கவில்லை. திறந்தவன் நான்.

ஞானம்மாள் இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும். மனம் வரவில்லை, ஆனாலும் போவேன். டீச்சர் இருந்தால் போகச் சொல்லியிருப்பார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு ஈயத் துண்டும், ஞானம்மாளும்தான்.