நம்மாளு வந்த நாள்

எனக்குக் கல்யாணமாகி வடமாலபேட்டைக்கு வந்த மூன்றாம் நாள், என் ஓரகத்தி என்னை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்தார். என் கணவருடைய அண்ணனின் மனைவி அவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நகை காட்டப்போகிறார் என்று நினைத்தேன். எதைக் காட்டினாலும் ஆசைப்பட்ட மாதிரி பார்க்காதே என்று நாகலாபுரத்திலிருந்து கிளம்பும்போதே என் அம்மா சொல்லி அனுப்பியிருந்ததால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். மடித்த புடவைகளுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது ஒரு பத்திரிகைப் படம்! சினிமா நடிகர் ஒருவர், நெற்றியில் ஒரே ஒரு சுருள் முடி விழ, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "இவருதாண்டி நம்மாளு" என்றார் அக்கா. அந்த வீட்டில் எனக்கு அறிமுகம் செய்துவைக்கப்பட்ட கடைசி ஆள் அவர்தான்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அன்றைக்கு ஊரில் பாதிப் பெண்கள் அவருக்காக உருகினார்கள், மீதிப் பாதி உருகியதை வெளியே சொல்லவில்லை. ஊருக்கு வெளியே சாலையோரக் காலி நிலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை டூரிங் கொட்டாய் போடுவார்கள். பட்டணத்தில் ஓடித் தேய்ந்த படம் எங்களிடம் வருவதற்குள் அதில் நடித்த கதாநாயகிக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருக்கும். அங்கிருந்த ஒலிபெருக்கியில் யார் பேசினாலும் மூக்கடைத்துக்கொண்டு பேசுவது போலத்தான் கேட்கும். அதனால் அவருடைய உண்மைக் குரல் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கெல்லாம் யார் கவலைப்பட்டார்கள்! மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் அக்காவுக்கு உலகம் மறந்துவிடும்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை எங்கே என்று பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நகரி எந்தப் பக்கம், புத்தூர் எந்தப் பக்கம், திருத்தணி எந்தப் பக்கம் என்று டீக்கடையில் தினமும் சண்டை. என் மாமனார் வீட்டுக்குள் வந்தும் அதையே பேசுவார். அக்காவுக்கு அதில் ஒரே ஒரு கவலைதான்: எல்லை போட்டுவிட்டால் தமிழ்ப் படப்பெட்டி நம் கொட்டாய்க்கு வருமா, வராதா? பிறகு அவரே சமாதானமாகிவிட்டார். "நம்மாளு ரெண்டு பாசையிலயும் நடிக்கிறாரு. கோட்ட எங்க போட்டா நமக்கு இன்னா?" என்றார். எல்லைப் பிரச்சினைக்கு எங்கள் ஊரில் முதலில் தீர்வு கண்டவர் அவர்தான்.

வேர்க்கடலை பிடுங்குகிற பருவத்தில், திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். நம்மாளு மலைக்குச் சாமி கும்பிடப் போயிருக்கிறாராம்! போகும்போது எங்கள் ஊர் வழியாகத்தான் கார் போயிருக்கிறது. நாங்கள் எல்லாரும் கடலைக் கொல்லையில் குனிந்துகொண்டு இருந்திருக்கிறோம். போனவர் மறுநாள் இதே சாலையில்தான் பட்டணம் திரும்ப வேண்டும். அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நேராக மாமனாரிடம் போய், நாளைக்கு நான் கொல்லைக்கு வரவில்லை, ரோட்டுக்குப் போகிறேன் என்றார். கடலை பிடுங்குகிற நாளில் ஒரு ஆள் குறைவது சின்ன விஷயமா?

"கூத்தாடி வருவான்னு ரோட்ல நிப்பியா? அவன் வர்லன்னா இன்னா பண்ணுவே?" என்றார் மாமனார்.

"வர்லன்னா இனிமே கொட்டா பக்கமே தல வெச்சிப் படுக்க மாட்டேன் மாமா. இது சத்தியம்."

மாமனார் உடனே சம்மதித்துவிட்டார். கூடவே என்னையும் அனுப்பினார், சாட்சிக்கு. ஒரு கார் வருவதையும் வராததையும் நம்பி ஒரு மனுஷி தன் ஒரே சந்தோஷத்தைப் பணயம் வைத்துவிட்டாரே!

மறுநாள் விடிந்ததும் சாலையோரப் புளியமரத்தடியில் இடம் பிடித்தோம். ஆரத்தித் தட்டு, கதம்ப மாலை, ஒரு குடம் மோர். பொழுது ஏற ஏற ஊரே வந்துவிட்டது. கார் என்று பெயர் கொண்ட எது வந்தாலும் எல்லாரும் எழுந்து நிற்போம். அக்கா கற்பூரத்தைக் கையில் எடுப்பார். உள்ளே பார்த்தால் யாரோ ஒரு குடும்பம், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், மடியில் லட்டு. உட்கார்ந்துவிடுவோம். திருப்பதிப் பாதையில் குடியிருக்கிறவர்களுக்கு மொட்டைத் தலை ஒரு காட்சியே இல்லை. எங்கள் ஊரில் அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

உச்சி வெயிலில் ஒரு கார் புகை விட்டுக்கொண்டு வந்து எங்கள் மரத்தடியிலேயே நின்றது. டிரைவர் இறங்கி, "அம்மா, கொஞ்செம் நீள்ளு இஸ்தாரா?" என்று தெலுங்கில் தண்ணீர் கேட்டார். ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம். பின்னால் இருந்து இரண்டு மொட்டைகள் இறங்கின. அக்காவுக்கு வந்ததே கோபம்! நம்மாளு வண்டி நிற்க வேண்டிய நிழலில் இது வந்து நின்றால்? "அதோ கெணறு. சீக்கிரம் ஊத்திக்கினு கெளம்புங்க, எங்க ஆளு வர்ற நேரம்" என்றார். மொட்டைகளில் உயரமானவர் தானே ஒரு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய், எங்கள் கொல்லைக் கிணற்றடியில் நின்றிருந்த என் மாமனாரிடம் பணிவாகக் கேட்டு, நாலு குடம் தண்ணீர் தூக்கிவந்தார். பிறகு வேர்க்க விறுவிறுக்க மதகுக் கல்லில் உட்கார்ந்து, யாருக்காக இந்தக் கூட்டம் என்று கேட்டார்.

அக்காவிடம் அதைக் கேட்கலாமா? கொட்டித் தீர்த்துவிட்டார்! பாட்டு, சண்டை, நெற்றிச் சுருள் எல்லாம் வந்தது. புகழ்ந்து முடித்ததும் குறைகள் ஆரம்பித்தன. "போன படத்துல வூட்டக் கொளுத்தனவன மன்னிச்சி உட்டுட்டாரு. நான் கொட்டாலேர்ந்து வூடு வரிக்கும் திட்டிக்கினே வந்தேன். அப்புறம் வயிறு வேற போட்டுக்கினு இருக்குது. ஓடியாற காட்சில மூச்சு வாங்கறாரு. யாரும் அவருகிட்ட சொல்ல மாட்டாங்க போல." அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். வெயிலில் இப்படிச் சிரிக்கிறாரே என்று பாவப்பட்டு, அக்கா ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

குடித்து முடித்து, "இவ்வளவு குறை சொல்றீங்களே, அப்புறம் ஏன் காலையிலேருந்து காத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்று கேட்டார் அவர்.

அக்கா காலிச் சொம்பை வாங்கி வைத்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "வெடிஞ்சி எழுந்தா மாமாவுக்குத் தண்ணி, மாட்டுக்குத் தண்ணி, புள்ளைங்களுக்குச் சோறு. ராத்திரி வரிக்கும் யாராவது எதையாவது கேட்டுக்கினே இருப்பாங்க. கொட்டால அவரு ஒருத்தருதான் எனக்காவ அழுவறாரு, சண்ட போடறாரு. எங்கிட்ட ஒண்ணுமே கேக்கறதில்ல."

அந்த ஆள் இன்னொரு சொம்பு மோர் கேட்கத்தான் கையை நீட்டியிருந்தார் என்று நினைக்கிறேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அந்த நேரம் டிரைவர் "அண்ணே" என்று கூப்பிட, அவர் கழுத்தை லேசாக இடப்பக்கம் சாய்த்து, ஒரு கணம் நிறுத்தி, அப்புறம்தான் திரும்பினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் திருப்பத்தை வெள்ளைத் திரையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! சாமி கும்பிடப் போனவர் முடியையும் கொடுத்துவிட்டு வருவார் என்று எங்கள் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லையே. என் வாய் தானாகத் திறந்தது. அவர் பார்த்துவிட்டார். உதட்டில் விரலை வைத்தார். எங்கள் எல்லாரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினார். நிழல் காலியானதில் அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம்.

பொழுது சாயும்வரை நின்றோம். மாலை வாடியது, கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு வந்து அக்கா மாமனார் முன்னால் நின்று, "வர்ல மாமா" என்றார். அவ்வளவுதான். அந்த வருஷம் கொட்டாய் கிளம்புகிறவரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் ஏன் சொல்லவில்லை? மூன்று மாத மருமகள், பெரியவர்கள் நடுவில் ரோட்டில் வாய் திறப்பதா என்று அன்றைக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சொன்னால் கொட்டாய் திரும்பக் கிடைக்கும், ஆனால் கொட்டாயில் பார்க்க ஆள் இருக்காதே என்று பயந்தேன். அந்தச் சுருள் முடி இல்லாமல், தூக்கின காதும் தொந்தியுமாக ஒரு சாதாரண மனுஷர் என்று தெரிந்தால் அக்கா என்ன ஆவார்? இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தினமும் போனில் நடிகர்களைத் தூங்கி எழுந்த முகத்தோடு பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போகிறார்கள். எனக்கு அன்றைக்கு அது உயிர் போகிற ரகசியம்.

அடுத்த வருஷம் கொட்டாய் திரும்பி வந்தது. வந்த அன்றே நம்மாளு படம்! மாலையில், டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்பதற்கு அடையாளமாகப் பாட்டு வைத்தார்கள். அக்கா கொல்லையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, பாட்டு முடிகிறவரை அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அந்த மொட்டையா?" என்றார். வரப்பில் உட்கார்ந்தார். "அவ்ளோ பெரிய காதா அவருக்கு?" பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அய்யய்யோ, வயித்தப் பத்தி அவரு மூஞ்சிக்கு நேராவே சொன்னனேடி!" என்று கத்தினார். முகம் சுருங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்த நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வர, வரப்பைக் கையால் அடித்துச் சிரித்தார். அப்புறம் புடவையை உதறிக்கொண்டு எழுந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாமனாரிடம் நடந்தார்.

"மாமா, அவரு வந்தாரு. நீங்க அனுப்பன சாட்சியே சொல்லுது, கேளுங்க."

நான் சொன்னேன். மாமனார் என்னையே பார்த்தார். "அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"அக்காவுக்கு அந்த முடி ரொம்பப் புடிக்கும் மாமா."

மாமனார் தாடையைத் தடவிக்கொண்டார். "நாலு கொடமும் அவனே தூக்கினான்" என்றார் கடைசியில். "டிரைவர வேல வாங்கல. நல்ல ஆளுதான். சோத்த வடிச்சி வெச்சிட்டுப் போய்ட்டு வாங்க."

அன்றைக்கு வடித்த சோறு குழைந்துபோனது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போகிற வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை. இந்தப் படத்தில் இருப்பது வளர்ந்த முடியா, இல்லை ஒட்டவைத்த டோப்பாவா? நான் டோப்பா என்றேன். ஒரு வருஷத்தில் வளர்ந்திருக்கும் என்றார் அக்கா. பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. நம்மாளு வந்தார், சுருள் முடி நெற்றியில் விழுந்தது. நான் பயத்தோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு விரலை வாயில் வைத்து, கம்பங்கொல்லையில் கிளி ஓட்டுகிற விசிலை அடித்தார்! ஆண்கள் பக்கமே ஒரு நிமிஷம் அடங்கிவிட்டது.

முன்னால் இருந்த அம்மாள் ஒருத்தி திரும்பி, "இன்னாமே, ஒனக்குத் தெரிஞ்சவரா?" என்று நக்கலாகக் கேட்டாள்.

"எங்க வூட்டு மோரக் குடிச்சவரு" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு அடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.