பாய் ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்து டீக்கடையில் ஞாயிறுதோறும் காலையில் மூன்று பேர் உட்கார்ந்து அமெரிக்க மோட்டார் தொழிலின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவந்தோம். அமெரிக்காவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. அங்கேயும் இப்படி மூன்று பேர்தான் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு பத்திரிகைகளைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

ஒருவர் பழவேற்காட்டு பாய். இறால் வியாபாரம். ஜப்பான் கம்பெனியின் பெரிய வண்டி வைத்திருந்தார். அதில் எட்டுப் பேர் உட்காரலாம் என்று பதிவுப் புத்தகம் சொல்லும், ஆனால் பாய் வீட்டில் எல்லாரும் உட்காருவார்கள். இன்னொருவர் ஆரம்பாக்கத்துக்காரர். நெல் விளைவித்த குடும்பம். சிப்காட்டில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் நடத்தினார், ஆகவே எங்களுக்கு அவர் ‘முதலாளி’. அமெரிக்கக் கம்பெனியின் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி, புதியதைப் போலத் துடைத்து வைத்திருந்தார். மூன்றாவது ஆள் நான், தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குக் கார் கிடையாது. அதனாலேயே என்னை நடுவராக வைத்துக்கொண்டார்கள்.

சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் மூவருமே வெயிலில் நின்று பார்த்தவர்கள். ஒருவரை ஒருவர் தெரியாமல்தான் பார்த்தோம். ஆனால் இப்படியொரு விஷயம் தெரியவந்த பிறகு இரண்டு ஆண்களை யாராலும் பிரிக்க முடியாது. மூன்று பேர் என்றால் கேட்கவே வேண்டாம்.

“இன்னா முதலாளி, உன் அமெரிக்காக்காரன் புச்சா ஒரு வண்டி வுட்டுக்கீறானாமே. அத்த ஊட்டாண்ட நிறுத்தறதா, இல்ல ஊட்ட இடிச்சிட்டு அதுலயே குடி போறதா?” என்று பாய் ஆரம்பிப்பார்.

“பாயே, நீ ஓட்டறது ஒரு வண்டியா? கதவ சாத்துனா பிஸ்கட் டப்பா மாதிரி சத்தம் வருது. எங்காளு கதவ சாத்திப் பாரு. பேங்க் லாக்கர் மாதிரி இருக்கும்.”

“லாக்கர்தான், யாரு இல்லன்னது? பெட்ரோலுக்கு டப்பு அதுலேர்ந்துதான எடுக்கணும்!”

நாஷ்டா முடிவதற்குள் கடையில் பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் சேர்ந்துவிடுவார்கள். ரிட்டயர் ஆனவர்களுக்கெல்லாம் சம்பளமும் வைத்தியமும் கொடுத்தே அமெரிக்கக் கம்பெனிகள் போண்டியாகின்றன என்று பாய் ஒரு நாள் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, “உங்கள சொல்லல சார்” என்றார். என்னைத்தான் சொன்னார்.

நடுவர் என்ற முறையில் எனக்கும் ஒரு கருத்து இருந்தது. ஜப்பான் தொழிற்சாலையில் வண்டியில் ஒரு குறையைப் பார்த்த தொழிலாளி பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்தால் வரிசையே நின்றுவிடும். அமெரிக்கத் தொழிற்சாலையில் அதே குறை ஐந்து கையெழுத்து தாண்டி மேலே போவதற்குள் அந்த வண்டியை யாரோ வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பார். எங்கள் துறையில் கயிறு கிடையாது, கையெழுத்து உண்டு. ஆகவே அமெரிக்கனின் கஷ்டம் எனக்கு நன்றாகவே புரிந்தது. இதைச் சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். “கயிறு இஸ்க்கறவன் இஸ்த்துக்கினே இருக்கட்டும் சார். லோடு ஏத்திக்கினு மலை ஏறுற வண்டிய அவன் செஞ்சிருவானா?” என்பார்.

அவருடைய அமெரிக்க பக்திக்குக் காரணம் எஞ்சின் மட்டுமல்ல. சக்கரத்தின் நடுவே, நட்டு போட்டுச் சக்கரத்தை மாட்டுகிற இரும்புக் குடத்தை ஹப் என்பார்கள். அடுத்த தெரு ஃபவுண்டரியில் அது வார்ப்பாக வரும். முதலாளியின் ஷாப்பில் அதைக் கடைந்து, துளை போட்டு, எண்ணெய் தடவிப் பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டி கப்பலேறி அமெரிக்கா போய், அங்கே சரக்கு வண்டிகளில் மாட்டப்படும். ஷாப்பில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான ஆட்கள். முக்கால்வாசிப் பேர் ஆரம்பாக்கம், அக்கம்பக்கம். அவருடைய அக்காவின் பங்கு நிலத்தையும் சேர்த்து விற்றுத்தான் மெஷின்கள் வந்தன. அதற்குப் பதிலாக, “உன் புள்ள வாழ்க்க பூரா என் ஷாப்புல இருப்பான்” என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். ஐ.டி.ஐ. முடித்த அந்தப் பிள்ளை இரண்டு வருஷமாக அங்கே லேத்தில் நின்றுகொண்டிருந்தான். டெட்ராய்ட்டில் ஒரு கம்பெனி விழுந்தால் ஆரம்பாக்கத்தில் ஒரு தம்பி அக்கா முகத்தில் விழிக்க முடியாது. அந்தக் கடையில் அமெரிக்காவுக்காக அவர் போட்ட சத்தத்தில் பாதி இதற்காகத்தான்.

2008இல் பெட்ரோல் விலை ஏறியது. அமெரிக்காவில் பெரிய வண்டிகளைச் சீந்துவாரில்லை என்று செய்தி வந்தது. பிறகு அங்கே வங்கிகள் கவிழ்ந்தன. யாருக்கும் வண்டிக் கடன் கிடைக்கவில்லை. ஹப் வாங்குகிற கம்பெனி, வரும் மாதங்களுக்கு எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு ஷெட்யூல் அனுப்பும். அது மாதாமாதம் இளைத்தது. முதலாளி இதை எங்களிடம் சொல்லவில்லை. முன்னைவிட உரக்கப் பேசினார். எனக்கு எப்படித் தெரியுமென்றால், அவருடைய ஷாப் டீக்கடைக்கு எதிர்ப்புறம் இரண்டு ஷெட் தள்ளி இருந்தது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் கம்ப்ரசர் ஓடும். முப்பது வருஷம் தொழிற்சாலைச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தவனுக்குச் சத்தம் நின்றால் காதில் விழாதா?

மழைக்காலம் முடியும் சமயம். அமெரிக்கக் கார்க் கம்பெனித் தலைவர்கள் அரசாங்கத்திடம் போய்க் கடன் கேட்டு நின்ற செய்தி வந்த வாரம். பாய் அன்று மற்ற நாளைவிட முன்னதாகவே வந்து, வண்டியைச் சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி நிறுத்தியிருந்தார். முதலாளி வந்து உட்கார்ந்ததுமே பாய் தொடங்கினார்.

“நைனா, பேப்பர் பாத்தியா? உங்காளுங்க கவுர்மெண்டு வாசல்ல துண்டு ஏந்திக்கினு நிக்கறாங்க. இப்பவாவது சொல்லு. யாரு வண்டி வண்டி?”

முதலாளி டீயை வாங்கி ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். பிறகு, “நீ சொல்றதுதான் நாயம் பாயே. அவனுங்க கத முடிஞ்சிபூட்ச்சி” என்றார்.

இத்தனை வருஷத்தில் பாய் ஜெயித்தது அன்றைக்குத்தான். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார், எல்லாருக்கும் வடை சொன்னார், அப்புறம்தான் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். வடை வந்தபோது யாரும் எடுக்கவில்லை.

பக்கத்து பெஞ்சில் ஃபவுண்டரிக்காரர் உட்கார்ந்திருந்தார். முதலாளிக்கு வார்ப்பு கொடுப்பவர். சிப்காட் முழுவதும் இந்தச் சண்டையைத் தமாஷாகத்தான் கேட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படியில்லை. முதலாளி அமெரிக்காவை விட்டுக்கொடுக்காத வரைக்கும் ஆர்டர் இருக்கிறது என்று அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். ஃபவுண்டரிக்காரர் பேப்பரை மடித்தார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளே, பணத்தைக் கையில் வைத்தால்தான் வார்ப்பு ஏற்றுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கடுத்த நாள் டூல் சப்ளை செய்பவர் அதையே சொன்னார். ஷாப் ஆட்களுக்கு ஆரம்பாக்கம் ரயிலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பாய் செய்த காரியம் என் வாழ்நாளில் நான் கண்ட மிக மோசமான வக்காலத்து. ஃபவுண்டரிக்காரர் இருக்கும்போதே எழுந்து நின்று, அமெரிக்க வண்டியைப் போல உலகத்தில் வண்டி உண்டா என்று ஆரம்பித்தார். எட்டு சிலிண்டர் என்றார். இரும்பு என்றார், தகரமல்ல என்றார். ஜப்பான்காரன் பத்து வருஷத்தில் கோரைப்பாய் விற்கப் போய்விடுவான் என்றார். தன் சொந்த வண்டியைப் பற்றி, “அது சைக்கிளுக்கு ஒண்ணுவிட்ட தம்பி” என்று கூசாமல் சொன்னார். கடையே சிரித்தது.

ஃபவுண்டரிக்காரர் சிரிக்கவில்லை. “பாய், உங்க வாயிலயே இது வருதுன்னா, நெலம நான் நெனச்சத வுட மோசமா கீது” என்றார்.

பாய் உட்கார்ந்துவிட்டார். முதலாளி அவர் தோளைத் தொட்டு, “வுடு பாயே, பேஜார் பண்ணாத” என்றார்.

ஆனால் பாய் விடவில்லை. அவருடைய மச்சான் ஒருவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பழக்கம் உண்டு. கொரியன் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு மேனேஜரை அழைத்து வந்தார். அந்த மேனேஜர் இளம் வயது, சுத்தமான சட்டை. எங்கள் மூவரோடும் ஷாப்பைச் சுற்றிப் பார்த்தார். துளைகளை அளந்தார். தரம் பற்றிக் குறை சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “டீக்கடைல அமெரிக்கா வண்டிய தவிர மத்ததெல்லாம் டப்பான்னு சொல்வீங்களாமே சார்?”

பைபாஸில் பேசினால் ஸ்ரீபெரும்புதூரில் கேட்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாய் மேலே பார்த்தார். நான் தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியைப் பார்த்தேன்.

முதலாளி, “சொல்லிக்கீறேன். ஹப்பு மட்டும் டப்பாவா இருக்காது, அதுக்கு நான் கேரண்டி” என்றார்.

மேனேஜர் சிரித்துவிட்டார். ஆர்டரும் கிடைத்தது. ஆனால் சின்னக் காருக்குச் சின்ன ஹப். எண்ணிக்கையும் கொஞ்சம்தான். பாதி மெஷின்கள் போதும், பாதி ஆட்கள் போதும். ஷாப் பிழைத்துவிடும், ஷாப்பில் இருந்த எல்லாரும் அல்ல. அன்று மாலையே முதலாளி என் வீட்டுக்கு வந்தார்.

“சார், ஆள கொறைக்கறதுக்கு மொற இன்னா?”

முறை எனக்குத் தெரியும். பிறர் செய்யும்போது சரியாகச் செய்கிறார்களா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், சர்வீசுக்குத் தக்க இழப்பீடு, அரசாங்கத்துக்குத் தகவல் என்று வரிசையாகச் சொன்னேன். யாரை அனுப்புவது என்பதற்கும் முறை இருக்கிறது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும்.

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “கடைசியா சேந்த பத்துப் பதினஞ்சு பேருல அக்கா புள்ள கீறான் சார்.”

“காரணத்தை எழுதி வைத்தால் வரிசையை மாற்றலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது.”

“இன்னா காரணம் எழுதறது? அக்கா புள்ளன்னா?”

“அப்படி எழுத முடியாது.”

“அப்போ அவனுக்குப் பதிலா வேற யாரு ஊட்டுப் புள்ளைய அனுப்பறது? அவங்களுக்கும் ஒரு அக்கா இருப்பாங்கல்ல?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசல் தாண்டியவர் திரும்பி, “சொல்ற அன்னிக்கி நீங்க வந்து நில்லுங்க சார். நீங்க நின்னா யாரும் அழ மாட்டாங்க. உங்களுக்கு ஆபீசர் மூஞ்சி” என்றார்.

போனேன். ஷாப்பின் பின்பக்கம், பெட்டி அடுக்கும் இடத்தில் எல்லாரும் நின்றார்கள். அங்கே அமெரிக்கா போகாத ஹப்புகள் எண்ணெய் மினுங்க அடுக்கி இருந்தன. முதலாளி பெயர்களைப் படித்தார். அக்கா பிள்ளையின் பெயரை மற்ற பெயர்களைப் போலவேதான் படித்தார், ஆனால் படித்த பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மீதிப் பெயர்களை நான் படித்தேன். எந்தத் தொகை எதற்கு, எப்போது கிடைக்கும், எங்கே கையெழுத்து என்று விளக்கினேன். உண்மையிலேயே யாரும் அழவில்லை.

முதலாளி வெளியே போய் நின்றுகொண்டார். ஆட்கள் கலைந்தபோது அக்கா பிள்ளை மட்டும் என்னிடம் வந்தான். கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டே, “சார், ஷாப்புல திரும்ப ஆள் எடுத்தா எங்களத்தான மொதல்ல கூப்புடணும்? ஐ.டி.ஐ.ல ஒரு சார் சொல்லிக்கீறாரு” என்றான்.

“ஆமாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.”

“எத்தினி நாளுக்குள்ள சார்?”

“அதற்குக் காலக்கெடு எதுவும் சொல்லவில்லை.”

அவன் அதைச் சற்று யோசித்தான். முகம் தெளிந்தது. “கெடு இல்லல்ல சார்? அப்போ எப்போ வேணா கூப்புடலாம்” என்றான். வாசலில் நின்ற மாமனிடம் போய், “சாரு சொல்லிட்டாரு மாமா, கெடுவே கெடையாதாம். அம்மாகிட்ட சொல்லிடறேன்” என்றான்.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். கெடு இல்லையென்றால் கூப்பிடாமலே இருந்துவிடவும் முடியும்; நான் அவன் சொன்னதைத் திருத்தவில்லை.