டிஸ்கின் நெற்றியில் ஒரு பொட்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் முதலில் பழுது பார்க்க வேண்டியது, "நான் ஒண்ணுமே பண்ணலை" என்கிற வாக்குமூலத்தைத்தான். கொல்கத்தா காளிகாட்டில் பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கும் நான் சொல்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் தலையாட்டுவீர்கள்.

ஹவுராவில் மாலை மரியாதை

மெஷின்களைக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள், ஹவுரா லேத் பட்டறைக்காரர் ஒருவர் போன் செய்தார். கம்ப்யூட்டரைப் போட்டால் டிஸ்கே இல்லை என்கிறதாம். போய்ப் பார்த்தால் பெட்டிக்குச் சாமந்தி மாலை! முதல் நாள் அதைத் தூக்கிப்போய் சாமி முன் வைத்து, திரும்பத் தூக்கி வந்திருக்கிறார்கள். உள்ளே எஸ்எஸ்டி டிஸ்கின் கேபிள் கழன்று கிடந்தது. அழுத்திச் செருகினேன், இரண்டு நிமிட வேலை. திரை உயிர் பெற்றதும் அவர் சுவரிலிருந்த விஸ்வகர்மா படத்தைக் கும்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "பார்த்தீங்களா தீதி, பூஜை வீண் போகலை!"

தசமி காலை

அந்த வெற்றித் திமிர் அடங்குவதற்குள் விஜயதசமி வந்தது. காலையில் பத்மா டீச்சரிடமிருந்து போன். இரண்டு தெரு தள்ளி பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவர். மாலை ஆறு மணிக்கு அவருடைய மாணவி வர்ஷாவின் அரங்கேற்றம். வாத்தியக்காரர்கள் சென்னையிலிருந்து வர முடியாததால் பதிவு செய்த பாட்டுதான். மூன்று மாதமாக டீச்சர் வெட்டி ஒட்டிச் சேர்த்தது அத்தனையும் வீட்டுக் கம்ப்யூட்டரில். அது இப்போது டிஸ்கைக் காணோம் என்கிறது. வேறு காப்பி கிடையாது. ஊரே துர்க்கையைக் கரைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தது, ஒரு கடைகூடத் திறந்திருக்காது.

டீச்சர் வீட்டுக்கு ஓடிப்போய், டிஸ்கை வேறு ஸ்லாட்டில் போட்டேன். இல்லை. கொண்டுபோன யுஎஸ்பி பெட்டியில் போட்டேன். அதிலும் இல்லை. வர்ஷா சலங்கையை மடியில் வைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாராவது இதைக் கழட்டினீங்களா?" என்று கேட்டேன். டீச்சரின் கணவர் சுந்தரம் சார், கிடர்பூர் துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர், முந்திக்கொண்டு சொன்னார்: "நான் ஒண்ணுமே பண்ணலைம்மா, பூஜையில மட்டும் வெச்சேன்."

தங்க வரிசை

சரஸ்வதி பூஜைக்குப் பெட்டியைத் தூக்க இடுப்பு இடம் கொடுக்கவில்லையாம். சரக்கெல்லாம் டிஸ்கில்தானே என்று அதை மட்டும் கழற்றிப் புத்தகங்களோடு வைத்திருக்கிறார். பொட்டு வைக்காமலா? தசமி காலையில் புனர்பூஜை முடித்து, பொட்டைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறார். டிஸ்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஸ்லாட்டில் செருகும் முனையில் வரிசையாக இருக்கும் தங்கநிறத் தகடுகள் முழுக்கக் காய்ந்த சந்தனம், மெல்லிசாக. வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்றைக்கு, டிஸ்க் சாகவில்லை என்ற சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

என் பையில் எப்போதும் கிடக்கும் பென்சில் ரப்பரால் பதமாகத் தேய்த்தேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். திரையில் டிஸ்கின் பெயர் வந்தது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி ஓடி வந்துவிட்டார். முதல் வேலையாக இரண்டு பென்டிரைவில் காப்பி எடுத்தேன். பிறகுதான் கேட்டேன், இத்தனை இடம் இருக்க ஏன் அங்கே பொட்டு வைத்தீர்கள் என்று. சார் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "தங்கமா மின்னுச்சும்மா, அதுதான் நெத்தின்னு நினைச்சேன்!"

ஆறு மணி

வெளியே ஊர்வலத்து மேளம் அதிர்ந்துகொண்டிருக்க, உள்ளே அலாரிப்பு ஒரு நொடி பிசகாமல் ஆரம்பித்தது. வர்ஷா ஆடி முடித்ததும் அரங்கமே எழுந்து கை தட்டியது. அதில் பாதியை எனக்கென்று எடுத்துக்கொண்டேன், வெட்கப்படவில்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். பின்னாலேயே வந்த சுந்தரம் சார் சொன்னார்: "அடுத்த வருஷம் பூஜையில உன் ரப்பரையும் வெச்சுடலாம்மா, பொட்டை மட்டும் நீயே வெச்சுடு."

ஆகவே, என்னோடு சேர்ந்து அவஸ்தைப்படும் அன்பர்களே, டிஸ்கைக் காணோம் என்று யார் போன் செய்தாலும் கேபிளைப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.